குதிக்கத் தெரிந்தது, இறங்கத் தெரியவில்லை

என்னை யாரும் இடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முட்டியில் ஆபரேஷன் என்றதும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி "யார் வந்து மோதினா?" என்பதுதான். எதிரணிப் பெண் என்னிடமிருந்து ஒரு கை தூரத்தில் நின்றிருந்தார். பாவம், நான் கீழே கிடந்ததைப் பார்த்து அவர்தான் ஓடிவந்து மூன்று தடவை சாரி சொன்னார்.

சனிக்கிழமை சாயங்காலம், அலுவலகத் தோழிகள் சேர்ந்து ஆடுகிற நெட்பால். சிங்கப்பூரில் ஈசூன் பக்கம் வாடகைக்கு எடுத்த மண்டபம். எனக்கு அப்போது 38 வயது, கோல் டிஃபென்ஸ், அதாவது எதிரணி கோல் போடாமல் தடுக்கிற இடம். நாலாவது குவார்ட்டர், நாக்கு தள்ளிக்கொண்டிருந்த நேரம். அவர்கள் ஷூட்டருக்கு வந்த பந்தை இடது பக்கம் எகிறிப் பிடித்தேன். இடது கால் தரையில் பட்டது. வலது பக்கம் நின்ற தோழிக்கு எறிவதற்காக உடம்பு திரும்பியது. கால் திரும்பவில்லை. விரலில் சொடக்கு எடுத்த மாதிரி ஒரு சத்தம், முட்டிக்கு உள்ளே.

நெட்பால் ஆடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கூடைப்பந்து மாதிரி பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. கையில் வந்த 3 வினாடிக்குள் கொடுத்துவிட வேண்டும். முதலில் தரையில் பட்ட காலைத் தூக்கலாம், ஆனால் பந்து கையைவிட்டுப் போகும்வரை அதை மறுபடி ஊன்றக் கூடாது. அதாவது ஓடிவந்த வேகம், எகிறிய உயரம் எல்லாவற்றையும் அநேகமாக ஒற்றைக் காலில் நிறுத்த வேண்டும். விளையாட்டின் விதியே முட்டிக்கு வைத்த பரீட்சை.

அன்றைக்கு நடந்துதான் வெளியே வந்தேன். வீட்டில் அம்மா கோடாலித் தைலம் தேய்த்துவிட்டார். ராத்திரிக்குள் முட்டி பலாப்பழமாக வீங்கிவிட்டது. மறுநாள் பார்த்த கிளினிக்கில் சுளுக்கு என்று சொல்லி இரண்டு நாள் எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்ததும் நானும் அதை நம்பிவிட்டேன். அப்புறம் ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது முட்டி தன்பாட்டுக்கு நழுவியது. வலி பெரிதில்லை, பயம்தான் பெரிது. ஸ்கேனில் ஏசிஎல் என்கிற முட்டி நார் முழுசாக அறுந்திருந்தது.

இப்போது யாராவது "படக்குன்னு சத்தம் கேட்டுச்சு, சில மணி நேரத்துல வீங்கிடுச்சு" என்றால் தைலத்தைக் கீழே வைக்கச் சொல்கிறேன். அவ்வளவு சீக்கிரம் வீங்குவது பெரும்பாலும் மூட்டுக்குள் ரத்தம் கசிவதால். அதைச் சுளுக்கு என்று விட்டுவிடக் கூடாது.

ஏசிஎல் என்பது தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்குள்ளே குறுக்காகக் கட்டியிருக்கும் ஒரு நார். 3 செ.மீ. சொச்ச நீளம்தான். கீழ்க்கால் எலும்பு முன்னால் வழுகாமலும் அளவுக்கு மீறித் திருகாமலும் பிடித்துக்கொள்வது அதன் வேலை. அது அறுவதில் பெரும்பாலானவை என்னைப் போல யாரும் தொடாமல் நடப்பவை: குதித்து இறங்கும்போது, ஓடிக்கொண்டே வெட்டித் திரும்பும்போது, சட்டென்று நிற்கும்போது.

எனக்குத் தொடைப் பின்தசையின் நாண் ஒன்றை எடுத்துப் புது நாராக வைத்துத் தைத்தார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. முன்தொடைத் தசை சுருங்கினால், முக்கியமாகக் கால் நீண்டிருக்கும்போது, கீழ்க்கால் எலும்பை முன்னால் இழுக்கும். பின்தொடைத் தசை அதைப் பின்னால் இழுத்து ஏசிஎல்லுக்குத் துணை நிற்கும். காவலுக்கு நின்றவனையே பிடித்துக் கதவாக்கியது மாதிரிதான் இந்த ஆபரேஷன். அதனால் அந்தக் காவலாளியை மறுபடி தேற்றுவதே பாதி வேலை.

மீதிப் பாதி எனக்கு ஐந்தாவது மாதம்தான் புரிந்தது.

உடற்பயிற்சி சிகிச்சை தருகிற பிசியோ ஒரு தமிழ்ப் பையன். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார், ஆனால் இரக்கமே கிடையாது. 30 செ.மீ. உயரப் பெட்டியில் ஏற்றிவிட்டு, "இறங்குங்கக்கா, ரெண்டு காலும் ஒண்ணா" என்றார். என் கைப்பேசியையே வாங்கி முன்னால் நின்று ஸ்லோ மோஷனில் எடுத்தார். வீடியோவில் பார்த்தால் இரண்டு முட்டியும், ஆபரேஷன் செய்யாத வலது முட்டியும் சேர்த்து, தரை தொட்ட நொடியில் ஒன்றையொன்று முத்தமிடப் போவது போல உள்ளே சாய்கின்றன. முதுகு மட்டும் கம்பு மாதிரி நேராக நிற்கிறது.

"நல்ல காலே இப்படியா?"

"அந்தக் காலும் ரொம்ப நாளா இப்படித்தான்க்கா இறங்கிட்டிருந்திருக்கும்."

சத்தத்தைக் கவனிக்கச் சொன்னார். நான் இறங்கியது 'டம்' என்று கேட்டது. அவர் இறங்கிக் காட்டினார், துணிமூட்டை விழுந்த மாதிரி 'பொத்' என்றுகூடக் கேட்கவில்லை. என்னைவிட இருபது கிலோவாவது அதிகம் இருப்பார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூட இயற்பியல்தான். எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறோமோ அதை, கால் தரையில் பட்ட பிறகு இடுப்பு இன்னும் எவ்வளவு தாழ்கிறதோ அந்தத் தூரத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்ட வேண்டும். உடல் எடையைப் போல அத்தனை மடங்கு விசையைத் தரை சராசரியாக நம்மேல் திருப்பிக் காட்டுகிறது. என் எடை 60 கிலோ, விழுந்த உயரம் 30 செ.மீ. விறைப்பாக இறங்கி 5 செ.மீ.தான் தாழ்ந்தேன் என்றால் 7 மடங்கு, அதாவது 420 கிலோ. 15 செ.மீ. தாழ்ந்தால் 180 கிலோ. 30 செ.மீ. தாழ்ந்தால் வெறும் 120. இதெல்லாம் சராசரி, உச்சம் இதைவிடக் கூடும். ஆனாலும் அதே உடம்பு, அதே உயரம், மடங்குகிற அளவு மட்டும் வேறு. 420க்கும் 120க்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம்தான் அந்த 'டம்'.

விசை எவ்வளவு என்பது ஒன்று, எந்த வழியாகப் போகிறது என்பது இன்னொன்று. தேக்கா சந்தையில் 5 கிலோ அரிசி வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எம்ஆர்டி ரயில் நிலையம் வரை நடந்துவிடலாம். அதே பையைக் கையை நீட்டிப் பிடித்தால் அரை நிமிடத்தில் தோள் கெஞ்சும். அரிசி கூடவில்லை, தோளுக்கும் அரிசிக்கும் நடுவில் தூரம் கூடியிருக்கிறது. தரையிலிருந்து வரும் விசையும் பாதத்திலிருந்து உடம்பின் நடுப்பகுதியை நோக்கி ஒரு கோடாக ஏறுகிறது. முட்டி அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தால் தசைகள் தாங்கிக்கொள்ளும். முட்டி உள்ளே சரிந்தால் கோடு வெளியே போய்விடும். ஒவ்வொரு சென்டிமீட்டரும் கடப்பாரையின் நீளம் மாதிரி, நெம்புவதற்கு உதவும். அன்றைக்கு நான் இடது காலில் இறங்கி, உடம்பையும் இடது பக்கமே சாய்த்திருந்தேன். கோட்டை நானே வெளியே தள்ளிவிட்டு, மேலே திருகலும் கொடுத்திருக்கிறேன். வேறு என்ன ஆகும்?

முட்டியைக் குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை. அது நடுவில் மாட்டிக்கொண்ட மூட்டு, முக்கியமாக மடங்கவும் நீளவும் செய்யப்பட்டது. பக்கவாட்டில் தாங்குவதும் திரும்புவதும் இடுப்பு, கணுக்கால் வேலை. அவை இரண்டும் வேலைக்கு லீவு போட்டால் முட்டி ஓவர்டைம் பார்க்கும்.

எனக்கு இரண்டுமே லீவில் இருந்தன. ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் தொங்கிவிடாமல் பிடிப்பது புட்டத்தின் பக்கவாட்டுத் தசை. நாள் முழுக்க நாற்காலியில் உட்காருகிற எனக்கு அது பேருக்குத்தான் இருந்தது. நீங்களும் பார்க்கலாம்: கண்ணாடி முன் ஒற்றைக் காலில் நின்று, நாற்காலியில் உட்காரப் போவது போல மெதுவாகக் கால்வாசி தாழுங்கள். முட்டிச் சில்லு பாதத்தின் நடுவிரல் பக்கம் பார்த்தால் சரி. கட்டைவிரலைத் தாண்டி உள்ளே ஓடினால் அதுதான் நோய்.

கணுக்காலுக்கு வீட்டுச் சுவர் போதும். பாதத்தைச் சுவருக்கு நேராக வைத்து, குதிகால் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொட வேண்டும். தொட முடிகிற மிக அதிகத் தூரத்தில் கட்டைவிரலுக்கும் சுவருக்கும் நடுவில் 10 செ.மீ. வாக்கில் இருந்தால் பரவாயில்லை. உயர்நிலைப் பள்ளியில் புரட்டிக்கொண்ட என் இடது கணுக்கால் 6 செ.மீ.தான் கொடுத்தது. கணுக்கால் முன்னால் மடங்காவிட்டால் பாதம் உள்பக்கம் சரிந்து இடம் தேடும், முட்டியும் கூடவே போகும். இருபது வருடத்துக்கு முந்தைய சுளுக்கை நான் மறந்துவிட்டேன், கால் மறக்கவில்லை.

சரி, அந்தக் கம்பு முதுகு எங்கிருந்து வந்தது? இதை நானேதான் கண்டுபிடித்தேன், பிசியோ தம்பிக்குத் தெரியாது. சின்ன வயதில் ஒன்பது வருடம் பரதம் கற்றேன். முட்டியை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி தாழ்ந்து நிற்கிற அரைமண்டியில் முட்டி கொஞ்சம் உள்ளே வந்தாலும் டீச்சர் தட்டுக்கழியால் தொடையைத் தொட்டு, "முட்டி விரலுக்கு மேல" என்பார். பிசியோ சொல்கிற அதே வாக்கியம்! குதித்து மெட்டு அடவிலும் முன்பாதத்தில் குதித்து அப்புறம்தான் குதிகால், முட்டி மடங்கியபடியே. ஓயாமல் குதிக்கிற நடனக்காரர்களுக்கு ஏசிஎல் அறுவது பந்து விளையாடுகிறவர்களைவிடக் குறைவு என்பதும் தெரிந்த சங்கதிதான். ஆனால் நடனத்தில் முதுகு நிமிர்ந்து இருந்தாக வேண்டும். விளையாட்டில் இறங்கும்போது புட்டம் பின்னால் போய், நெஞ்சு கொஞ்சம் முன்னால் வர வேண்டும். அப்போதுதான் புட்டமும் பின்தொடையும் சுமையில் பங்கு எடுக்கும். நிமிர்ந்தே இறங்கினால் சுமை பெரும்பாலும் முன்தொடைக்குப் போகும், அது எலும்பை எந்தப் பக்கம் இழுக்கும் என்று மேலேயே சொன்னேன். நடனத்தை விட்ட இருபது வருடத்தில் டீச்சர் கொடுத்த நல்ல பழக்கத்தைத் தொலைத்துவிட்டு, இங்கே ஆகாத பழக்கத்தை மட்டும் பத்திரமாக வைத்திருந்தேன். சத்தத்திலும் நடனம் நேர் எதிர். அங்கே தட்டு அழுத்தமாகக் கேட்க வேண்டும், இங்கே கேட்கவே கூடாது.

ஜிம்மில் சொல்லும் இன்னொன்றோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். "முட்டி கால்விரலைத் தாண்டி முன்னால போகக் கூடாது" என்று பயமுறுத்துவார்கள். மாடிப்படி இறங்கும்போது எல்லாருக்கும் தாண்டத்தான் செய்கிறது. என் அம்மா குந்தி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆயும்போது ஒரு சாண் தாண்டுகிறது. முன்னால் போவது தப்பில்லை, உள்ளே போவதுதான் தப்பு. முன்னால் போகாமலே தாழ முயன்றால் சுமை இடுப்புக்கும் முதுகுக்கும் போகும், அவ்வளவுதான்.

செலவு செய்து கற்ற இரண்டு பாடங்கள். குவீன்ஸ்வேயில் 60 வெள்ளிக்கு முட்டி உறை வாங்கினேன். கதகதப்பாக இருக்கிறது, தைரியமாக இருக்கிறது. ஆனால் துணி உறை திருகலைத் தடுக்காது. அடுத்தது காலணி. அன்றைக்கு நான் போட்டிருந்தது ஓட்டக் காலணி. அது முன்னோக்கி ஓடுவதற்காகச் செய்தது, குதிகால் உயரம், பக்கவாட்டில் பிடிப்பு குறைவு. அகலமான அடி உள்ள கோர்ட் காலணிதான் இந்த ஆட்டத்துக்குச் சரி. அதற்காகத் தரையோடு ஒட்டிக்கொள்கிற அளவுக்குப் பிடிப்பும் ஆகாது. கால் கொஞ்சம் திரும்ப இடம் கொடுக்க வேண்டும்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு களத்தில் யோசித்து இறங்கலாம் என்று நினைத்தால் அது நடக்காது. வீடியோக்களை ஆராய்ந்தவர்கள் சொல்வது, கால் தரையில் பட்ட சுமார் 40 மில்லி வினாடிக்குள் நார் அறுந்துவிடுகிறது என்று. கண் இமைக்கவே 100 மில்லி வினாடிக்கு மேல் ஆகும். மூளை தகவல் வாங்கித் தசைக்கு உத்தரவு போடுவதற்குள் கதை முடிந்துவிடும். பாதம் தரைக்கு வருமுன்பே தசைகள் தயாராக இருக்க வேண்டும் என்றால், அது பழக்கமாக ஊறியிருந்தால்தான் உண்டு.

அந்தப் பழக்கத்துக்கு எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்தாள். உயர்நிலை 2 படிக்கிற என் மகள் போன வருடம் சிசிஏவாக, அதாவது பள்ளியின் இணைப்பாட நடவடிக்கையாக, நெட்பால் எடுத்தாள். வயிற்றில் புளியைக் கரைத்தது. இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். உயரம் சட்டென்று கூடி, தசை அதற்கு ஈடு கொடுக்காத இந்த வயதில்தான் கவனம் தேவை. வேண்டாம் என்று சொல்லவா முடியும்? காலாங்கில் ஓசிபிசி அரங்கத்துக்கு நேஷன்ஸ் கோப்பை நெட்பால் போட்டி பார்க்கக் கூட்டிப்போனேன். "பந்தைப் பார்க்காதே, காலை மட்டும் பார்" என்றேன். ஒரு குவார்ட்டர் அலுத்துக்கொண்டே பார்த்தவள் பிறகு தானாகச் சொன்னாள்: "மா, நல்லா ஆடுறவங்க இறங்கும்போது குட்டையாயிடுறாங்க." என் கணக்கைவிட அவள் சொன்னது சுலபம்.

ஆஸ்திரேலிய நெட்பால்காரர்கள் இதற்கென்றே ஒரு பயிற்சித் திட்டம் வைத்திருக்கிறார்கள். முழங்காலுக்கான ஆங்கிலச் சொல்தான் அதற்குப் பெயர், 'நீ'. தமிழில் படித்தாலும் பொருந்துகிறது. கால்பந்தில் 11 பிளஸ் என்று ஒன்று உண்டு. இரண்டிலும் சரக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான்: இடுப்பு, பின்தொடைக்குப் பலம், ஒற்றைக்கால் சமநிலை, குதித்து இறங்குவது, ஓடி நிற்பது. ஆடுவதற்கு முன் 10 முதல் 20 நிமிடம், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை. நாங்கள் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் செய்கிறோம். பந்து விளையாடக் கூடாது என்று பலகை இருக்கிறது, அங்கே நாங்கள் பந்தை எடுப்பதில்லை. எதிர்வீட்டுப் பாட்டி, "தவள மாதிரி என்னம்மா பண்றீங்க ரெண்டு பேரும்?" என்று தினமும் கேட்டுவிட்டுப் போவார்.

வரிசை முக்கியம். முதலில் குதிக்காமல் ஒற்றைக்காலில் தாழ்வது. அது கண்ணாடியில் ஒழுங்காக வந்த பிறகு இரண்டு காலில் குதித்து இறங்கி, இறங்கிய இடத்தில் சிலையாக மூன்று எண்ணுவது. தள்ளாடினால் கணக்கில் சேராது. அப்புறம் ஒற்றைக்கால். அப்புறம் பக்கவாட்டில். கடைசியாகப் பந்தை எறிந்து பிடிக்க வைத்து, கவனம் வேறெங்கோ இருக்கும்போது. இந்தக் கடைசிப் படிதான் நிஜம். பந்து வந்த முதல் நாள் மகளின் முட்டி மறுபடி உள்ளே ஓடியது. நார்டிக் என்கிற பின்தொடைப் பயிற்சிக்கு ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் மண்டியிட்டபடி மெல்ல முன்னால் சாய வேண்டும். அதற்கு நாங்கள் ஆள் மாற்றி ஆள். அடுத்த இரண்டு நாள் இருவருமே கழிப்பறையில் உட்கார முனகினோம். வாரத்துக்கு ஒருமுறை, சில எண்ணிக்கையோடு தொடங்குவது நல்லது.

களைப்பில் கற்றது நழுவும். எனக்கு அறுந்தது நாலாவது குவார்ட்டரில் என்பதை மறக்கவில்லை. அதனால் வாரத்தில் ஒருநாள் மட்டும், பத்து மாடி ஏறி இறங்கிவிட்டு, அந்த மூச்சிரைப்போடு ஐந்து தடவை குதித்துப் பார்க்கிறேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு 9 மாதத்துக்கு முன்னால் ஆடக் கூடாது என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். சீக்கிரம் திரும்புகிறவர்களுக்கு மறுபடி அறுபடும் ஆபத்து பல மடங்கு. மாதக் கணக்கு மட்டும் போதாது, ஒற்றைக்காலில் தாவும் தூரம் நல்ல காலில் 90 சதவீதமாவது வர வேண்டும். எனக்கு அது வர 11 மாதம் ஆயிற்று. இப்போது இரண்டு குவார்ட்டர்தான் ஆடுகிறேன், மூன்றாவது கேட்டால் தண்ணீர் பாட்டிலைக் காட்டிவிடுவேன்.

மாத முதல் தேதி தையல் டேப்பை எடுத்து, முட்டிச் சில்லுக்கு 15 செ.மீ. மேலே இரண்டு தொடையையும் அளக்கிறோம். ஆரம்பத்தில் இடது 4 செ.மீ. மெலிந்திருந்தது. இந்த மாதம் ஒன்றரை. அளந்து முடித்ததும் மகள் கைப்பேசியோடு எதிரே உட்கார்ந்துகொண்டாள். பெட்டியிலிருந்து இறங்கினேன். வீடியோவைப் பார்க்காமலே தலையை ஆட்டினாள்.

"சத்தம் கேக்குதும்மா."

மறுபடி ஏறினேன்.